தாயுமானவன் சார் சேர்த்த புள்ளிகள்

"டீச்சர், என் புள்ளியெல்லாம் காலாவதி ஆகாம இருக்க ஒரு வழி சொல்லுங்க."

கேட்டவர் தாயுமானவன் சார். மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். அறுபத்திரண்டு வயது.

பதில் சொல்ல வேண்டியவள் ஷமீமா. வயது முப்பத்து மூன்று. முன்பு விமான நிலையத்தில் டிக்கெட் கவுண்ட்டரில் இருந்தவள். இப்போது திருச்சி தில்லைநகரில், ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், ஞாயிறுதோறும் வகுப்பு எடுக்கிறாள். கிரெடிட் கார்டு தேய்த்துச் சேரும் புள்ளிகளை வைத்துக் குறைந்த செலவில் வெளிநாடு போவது எப்படி என்று.

நாங்கள் ஐந்து பேர் மாணவர்கள். எல்லோரும் அவளைவிட மூத்தவர்கள். அவளால்தான் நான் என் மகளின் பிரசவத்துக்கு மஸ்கட் போய் நின்றேன். அந்தப் பெண் நூறு வருஷம் நன்றாக இருக்கணும்.

"செலவு பண்ணிடுங்க சார்," என்றாள்.

"விளையாடாதீங்க டீச்சர். பதினோரு நாள்தான் இருக்கு."

"பதினோரு நாள் நிறைய சார்."

சாருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. போனை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

மூன்று லட்சத்து நாற்பதாயிரம் புள்ளிகள். ஏழு வருஷச் சேமிப்பு.

"ஏன் சார் இன்னும் எடுக்கல?"

"பாரிசுக்கு பிசினஸ் கிளாஸ்ல ரெண்டு சீட் கிடைக்கணும். படுத்துக்கிட்டே போற சீட்டு. அதுலதான் ஒரு புள்ளிக்கு அதிக மதிப்பு. வாரா வாரம் பாக்கறேன், கிடைக்கல."

"பாரிஸ்ல என்ன பாக்கணும்?"

சார் யோசித்தார். மனுஷர் ஏழு வருஷத்தில் அதை மட்டும் யோசிக்கவில்லை.

"வீட்டுல அம்மாவுக்கு எங்க போக ஆசை?"

"அவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும் டீச்சர்?"

"கேட்டுட்டு வாங்க."

அன்றைக்கு அவருக்கு அவ்வளவுதான் பாடம்.

*

அடுத்த ஞாயிறு சார் வந்தார். காலாவதிக்கு நான்கு நாள் பாக்கி. கையில் நான்காக மடித்த ஒரு தாள்.

"கேட்டேன். வாயால சொல்லல. வரைஞ்சு குடுத்தா."

விரித்தோம். பென்சிலால் வரைந்த வரைபடம். நாகப்பட்டினத்தில் தொடங்கி ஒரு கோடு கடலைத் தாண்டி மலேசியாவில் இருக்கும் கடாரம் போனது. அங்கிருந்து கம்போடியாவில் அங்கோர். அங்கிருந்து ஜாவா. கரையோர வளைவு ஒன்றுகூடத் தப்பில்லை.

சாரின் மனைவி சௌந்தரவல்லி. முப்பத்தொரு வருஷம் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தியவர். வருஷா வருஷம் இதே படத்தைக் கரும்பலகையில் வரைந்தவர். கடல் தாண்டியதில்லை.

"அடேயப்பா!" என்றேன். அடக்க முடியவில்லை.

"என்ன அடேயப்பா? மூணும் பக்கத்து ஊரு. சாதாரண சீட்டு. புள்ளிக்குக் கால்வாசி மதிப்புகூடத் தேறாது. தண்டம்!"

ஷமீமா கணினியில் தேடிக்கொண்டே இருந்தாள்.

"திருச்சியிலேருந்து கோலாலம்பூர். அங்க நாலு நாள். கடாரம் பாத்துடலாம். அப்புறம் கம்போடியா, அப்புறம் ஜாவா, திரும்ப திருச்சி. ரெண்டு பேருக்கும் சீட் இருக்கு சார். மிச்சப் புள்ளியில ரூமும் போட்டுடலாம். வரி மட்டும் கட்டினாப் போதும்."

"அவளுக்கு முட்டி வேற சரியில்ல டீச்சர். கோயில் படி ஏறணும்னா இந்த வருஷத்தோட சரி, அடுத்த வருஷம் உறுதி சொல்ல முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அதான் யோசிக்கறேன். பாரிஸ்னா படுத்துக்கிட்டே போகலாம்."

"சரி சார். ஒண்ணு கேக்கறேன். இவ்வளவு புள்ளி எப்படிச் சேத்தீங்க?"

சார் முகம் மலர்ந்தது. யாராவது இதைக் கேட்க மாட்டார்களா என்று இருந்தவர்.

"ஒரு ரூபாகூடக் கையில குடுக்கறதில்ல டீச்சர். வாசல்ல தள்ளுவண்டியில காய் வரும். வாங்க மாட்டோம். அவன்கிட்ட கார்டு தேய்க்க முடியாது. தெருமுனையில மளிகை இருக்கு, அங்கயும் கிடையாது. ரெண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு பெரிய கடை. அரிசியிலேருந்து கறிவேப்பிலை வரைக்கும் அங்கதான். ஆட்டோவும் கிடையாது. ஆட்டோவுக்குக் குடுத்தா சேர்ற புள்ளி அதுலயே போயிடும்."

"அதனால?"

"நடைதான்."

"ஏழு வருஷமா?"

"ஏழு வருஷமா!"

"யார் சார் நடக்கறது?"



கடையில் யாரோ புதுக் கண்ணாடி போட்டு எழுத்துகளை வாசித்துக்கொண்டிருந்தார்கள். என்னால் சாரைப் பார்க்கவே முடியவில்லை.

சார் மேசையில் கிடந்த வரைபடத்தை எடுத்து, மடிப்புகளை உள்ளங்கையால் நீவினார். ரொம்ப நேரம் நீவினார்.

"எதை அழுத்தணும் டீச்சர்?"

அவள் காட்டினாள். அழுத்தினார். மூன்று லட்சத்து நாற்பதாயிரம் போய், வெறும் இருநூற்றுப் பத்து நின்றது. அதை அவர் கவனிக்கவே இல்லை.

போனை எடுத்து வீட்டுக்காரம்மாவை அழைத்தார். பின்னறை சின்னது. அந்தப் பக்கம் பேசியதும் எங்களுக்குக் கேட்டது.

"எங்க இருக்க வல்லி?"

"வந்துக்கிட்டே இருக்கேங்க. பாலம் தாண்டிட்டேன். இருங்க, பையைக் கை மாத்திக்கறேன்." மூச்சு இரைத்தது.

"அங்கயே நில்லு. ஆட்டோ எடுத்துட்டு வரேன்."

"ஆட்டோவா? உடம்புக்கு என்ன செய்யுது உங்களுக்கு?"

"ஒண்ணுமில்ல. டிக்கெட் போட்டுட்டேன். கடாரம், அங்கோர், ஜாவா. நீ வரைஞ்ச அதே வரிசையில."

அந்தப் பக்கம் லாரி ஒன்று ஹாரன் அடித்துப் போனது.

"அய்யோ, அவ்வளவு தூரமா? காசு நிறைய ஆகியிருக்குமேங்க."

சாருக்குக் குரல் உடைந்தது. எங்களுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டார்.

"வரி மட்டும்தான் நான் கட்டினேன். மீதியெல்லாம் நீ நடந்தது."