மலைவேம்பு வாங்கிக்கொண்ட முத்து

மரமும் பறவையும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், கப்பலில் வந்து இறங்கிய தமிழ்ச் சனங்களில் சிலரை மாட்டு வண்டிகளில் ஏற்றி, நேட்டால் மலைகளுக்கு நடுவே கிண்ணம் போலக் குழிந்து கிடந்த ஓர் ஊருக்குக் கொண்டுபோனார்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க் என்பது அதன் பெயர். நம் சனங்களின் வாயில் அது மாரிஸ்பர்க் ஆயிற்று.

"பேரிலேயே மாரி இருக்கா. பயப்படாதே" என்று ஏகாம்பரம் தன் மனைவி கன்னியம்மாவிடம் சொன்னான்.

ஊர் அப்போது சின்னது. பதினாறு மாடு பூட்டிய வண்டி திரும்புகிற அளவுக்கு அகலமான தெருக்கள். வெயில் ஏறும்வரை விலகாத மூடுபனி. கீழே உம்சுண்டூசி ஆறு. ஆற்றங்கரைச் சூளையில் ஏகாம்பரம் மண் மிதித்தான். கன்னியம்மா சுடாத பச்சைச் செங்கல் சுமந்தாள். இன்றைக்கு வெளியூர்க்காரர்கள் வந்து அண்ணாந்து பார்க்கிற சிவப்புச் செங்கல் மாளிகைகளெல்லாம் அன்றைக்குக் கரையோரத்து மண்ணாகத்தான் கிடந்தன.

எல்லாம் இருந்த அந்த ஊரில் வேப்பமரம் மட்டும் இல்லை. முந்தானையில் முடிந்து கொண்டுவந்த வேப்பங்கொட்டைகளைக் கன்னியம்மா மூன்று முறை ஊன்றிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் முளை வந்தது. ஒவ்வொரு முறையும் உறைபனி அதைக் கருக்கிவிட்டது.

இரண்டாம் வருஷம் வைகாசியில், அந்தச் சீமைக்குக் குளிர் ஏறுகிற மாதத்தில், மகள் பூங்காவனத்துக்கு அம்மை போட்டது. ஐந்து வயதுக் குழந்தை. முகம் தெரியாமல் முத்து. கண் திறக்க முடியவில்லை. சூளைக் கங்காணி வாசலுக்கு வெளியே நின்றபடியே எட்டிப் பார்த்தான்.

"நாளைக்குக் காலையில வண்டி வரும். பிள்ளையை ஊருக்கு வெளியே கொட்டகையில விடணும். துரை உத்தரவு."

அந்தக் கொட்டகைக்குப் போன குழந்தை எதுவும் திரும்பி வந்ததில்லை.

"ஏங்க, ஒரு கொத்து வேப்பிலை இருந்தா அம்மன் இறங்கிடுவா" என்றாள் கன்னியம்மா.

"இந்தச் சீமையில வேப்பிலைக்கு நான் எங்கே போவேன், கன்னி?" என்றான் ஏகாம்பரம்.

பிள்ளையை அவனிடம் விட்டுவிட்டு அவள் ஆற்றங்கரையோடு நடந்தாள். எதிர்ப்பட்ட மரத்தையெல்லாம் கேட்டாள். தைல மரம், "என் இலை சளிக்கு ஆகும், அம்மனுக்கு ஆகாது" என்றது. முள்மரம் ஒன்று, "உன் அம்மனை எனக்குத் தெரியாதே, தாயே" என்று வருத்தப்பட்டது. சேற்றைக் கிளறிக்கொண்டிருந்த அரிவாள்மூக்கன் பறவை ஒன்று தலையைத் தூக்கியது.

"பாலத்துக்கு அந்தப் பக்கம் போய்ப் பார். அங்கே ஒரு மரம் தன்பாட்டுக்கு அழுதுகொண்டு நிற்கும். நீ கொட்டை ஊன்றினாயே, அதே சாயல்."

அவள் ஓடினாள். தூரத்திலிருந்து பார்த்ததும் வேம்பு என்றே நினைத்தாள். அதே ரம்பப்பல் இலை. கிட்டே போனபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. குளிருக்குப் பாதி இலை கொட்டி, மீதியும் பழுத்துக்கொண்டிருந்தது.

"நான் வேம்பு இல்லை" என்றது மரம், அவள் வாய் திறப்பதற்கு முன்பே. நல்ல தமிழில் சொன்னது. "மலைவேம்பு. இங்கே சிரிங்கா என்று கூப்பிடுகிறார்கள். நானும் உன் பக்கத்துக்காரிதான். நிழலுக்கு ஆகுமென்று யாரோ விதையைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். முதல் மழை விழுந்ததும் மண் ஒரு மணம் மணக்குமே, அதை நினைத்தால் இப்போதும் எனக்கு இலை உதிர்ந்துவிடும்."

கன்னியம்மா அடிமரத்தைக் கட்டிக்கொண்டாள். ஊரை விட்டு வந்த நாளிலிருந்து அடக்கிவைத்த அழுகையெல்லாம் அப்போதுதான் வந்தது.

"அக்கா, எனக்கு இலை வேணும். என் பிள்ளை போயிடுவா."

"வேம்புக்குக் கொடுத்த இடம் எனக்கு இல்லையே. என் இலையில் அம்மன் வந்து உட்காருவாளா?"

"அதை அவகிட்டயே விட்டுடுவோம். நீ கொடுப்பியா மாட்டியா?"

மரம் கேட்டது: "அம்மன் இறங்கினால் அந்த முத்தெல்லாம் எங்கே போகும்? மண்ணில் விழுந்தால் இன்னொரு பிள்ளை மிதிக்குமே. நம் ஊரில் வேம்பு வாங்கிக்கொள்ளும். இங்கே யார் வாங்குவது?"

கன்னியம்மா அடிமரத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"நான் வாங்கிக்கொள்கிறேன்" என்றது மரம்.

அந்தக் காலத்தில் மலைவேம்பின் பழம் தேனாக இனிக்கும். குளிர் வருமுன்னே இலையோடு உதிர்ந்துவிடும்; பிள்ளைகள் ஓடிவந்து பொறுக்கித் தின்பார்கள்.

"வேணாம் அக்கா. முத்தை வாங்கினா உன் பழமெல்லாம் விஷமாகிப் போயிடும். ஒரு பிள்ளை உன்கிட்ட வராது."

"இந்த ஊருக்கு வந்து இத்தனை வருஷத்தில் என் சொந்தப் பேர் சொல்லிக்கூட யாரும் கூப்பிட்டதில்லை. நீ அக்கா என்றாய். ஒடித்துக்கொள்."

கன்னியம்மா கைகூப்பிவிட்டு, எட்டிய கொப்புகளையெல்லாம் ஒடித்தாள். எட்டாததை மரமே தாழ்த்திக் கொடுத்தது. வீட்டுக்கு வந்ததும் வாசலில் செருகினாள். பாயில் பரப்பிப் பிள்ளையைக் கிடத்தினாள். மீதிக் கொத்தால் வீசிக்கொண்டே, "தாயே, வேற இலைன்னு பார்க்காதே, வேற ஊருன்னு பார்க்காதே" என்று விடியும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

வண்டிச் சத்தம் கேட்டபோது பூங்காவனம் கண்ணைத் திறந்தாள்.

"அம்மா, கஞ்சி."

கங்காணி உள்ளே தலையை நீட்டினான். குழந்தை உடம்பில் ஒரு முத்து இல்லை. பாயிலும் இல்லை, தரையிலும் இல்லை. அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

கன்னியம்மா பாலத்துக்கு ஓடினாள். மரத்தில் ஓர் இலைகூட இல்லை. உறைபனி வெளுத்த வெறுங்கொப்புகள் முழுக்க, மஞ்சள் பூசியதுபோலக் கொத்துக் கொத்தாக முத்துகள்.

"அக்கா" என்று கூப்பிட்டாள். பதில் வரவில்லை. அந்தப் பாரத்தைத் தாங்குவதற்கே அதற்கு மூச்சு சரியாக இருந்தது. அதன்பிறகு வெள்ளிக்கிழமைதோறும் வந்து அடியில் உட்கார்ந்து, வீட்டுக் கதையெல்லாம் சொல்லிவிட்டுப் போவாள். மரம் கேட்டுக்கொண்டிருக்கும். பேசியதே இல்லை.

அந்த வைகாசியிலிருந்துதான் மாரிஸ்பர்க்கில் மாரியம்மனுக்கு மலைவேம்பு இலையைக் கட்டுகிறார்கள். குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்ந்தாலும், யாரும் தின்னாத அந்த மஞ்சள் முத்துகளை மட்டும் அது கீழே விடாமல் சுமந்துகொண்டு நிற்கிறது.