கழட்டாத ஹெட்

சங்ககிரி பைபாஸில் வரிசையாக லாரிப் பட்டறைகள். அதில் ரெஜினா மேஸ்திரியின் பட்டறைக்கு மட்டும் போர்டு கிடையாது. தேவையும் இல்லை. டீசல் இன்ஜின் என்று வாயெடுத்தாலே எந்த டீக்கடைக்காரரும் அந்தப் பக்கம்தான் கையைக் காட்டுவார்.

மேஸ்திரிக்கு வயது முப்பத்தொன்பது. அவரிடம் தொழில் படிக்கும் சீடருக்கு ஐம்பத்தாறு. சிரிக்காதீர்கள். மாரப்பன் இருபத்தெட்டு வருஷம் லாரி ஓட்டியவர். கண் பரிசோதனையில் தேறாமல் லைசன்ஸ் போனதும், வீட்டில் சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று இங்கே வந்து சேர்ந்தார். மூன்று வருஷம் ஆகிறது. மேஸ்திரி அவரை அண்ணா என்பார், அவர் மேஸ்திரியை மேஸ்திரி என்பார். யார் பெரியவர் என்ற பேச்சே இருவருக்கும் நடுவில் வந்ததில்லை.

அன்று காலை ஒரு தண்ணி லாரியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். டேங்கில் பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீர் தளும்புகிறது. இன்ஜினுக்குள் சொட்டுத் தண்ணீர் இல்லை. கொடுமையைப் பாருங்கள்.

லாரியைக் கண்டதும் மாரப்பன் டயர் அடுக்குப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

பத்து நாளுக்கு முன்னால் இதே லாரி இங்கே வந்திருந்தது. இன்ஜினின் மேல்மூடிதான் ஹெட். அதற்கும் கீழே இருக்கும் பிளாக்குக்கும் நடுவில் கேஸ்கெட் என்று ஒரு தகடு படுத்திருக்கும். அந்த இடத்தில் தண்ணீர் கசிந்தது. மேஸ்திரி அப்போது கோயமுத்தூருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, ஹெட்டைத் தூக்கிட்டு கேஸ்கெட்டை மாத்திடுங்க. நீங்க தனியாவே பண்ணிடுவீங்க," என்று புது கேஸ்கெட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

மாரப்பன் அண்ணாந்து பார்த்தார். வெயில் கொளுத்தியது. இடுப்பு ஏற்கெனவே விண்விண் என்று தெறித்துக்கொண்டிருந்தது. ஹெட்டைத் தூக்கி இறக்குவது ஒரு முழு நாள் வேலை, முதுகை ஒடிக்கிற வேலை. ரோட்டில் படித்த வித்தை ஒன்று அவருக்கு ஞாபகம் வந்தது. போகிற வழியில் கசிவு கண்டால் டிரைவர்கள் ரேடியேட்டரில் இரண்டு கை மஞ்சள் தூளைப் போடுவார்கள். தூள் போய்ச் சந்தில் அடைத்துக்கொள்ளும், வண்டி எப்படியோ வீடு வந்து சேரும். மாரப்பன் பக்கத்து மளிகைக் கடையில் அரைக்கிலோ வாங்கி வந்து மொத்தமாகக் கொட்டினார். கால் மணி நேரத்தில் கசிவு நின்றது. புது கேஸ்கெட்டை உறை பிரிக்காமலே பழைய டயர் அடுக்குக்குப் பின்னால் சொருகிவிட்டார்.

மேஸ்திரி திரும்பி வந்து கேட்டபோது, "மாத்தியாச்சுங்க மேஸ்திரி," என்றார்.

மேஸ்திரிக்கு அவ்வளவு சந்தோஷம். "தனியா ஹெட் இறக்கிட்டீங்க. இனி நீங்களும் மேஸ்திரிதான்," என்று டீ வாங்கிக் கொடுத்தார். அந்த டீ பத்து நாளாக மாரப்பனின் நெஞ்சிலேயே நின்றுகொண்டிருந்தது.

இப்போது மேஸ்திரி ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலை விட்டு எடுத்தார். விரலில் மஞ்சள் சேறு அப்பிக்கொண்டு வந்தது.

"மஞ்சத்தூள்," என்றார்.

லாரி முதலாளி சென்னியப்பன் டிரைவர் பக்கம் திரும்பினார். "ஏன்டா, ரேடியேட்டருல குழம்பு வெக்கச் சொல்லி எவன்டா உனக்குச் சொன்னது?"

டிரைவர் ஜபருல்லாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. "அல்லா மேல ஆணையா நான் போடலைங்க மொதலாளி."

"நீ போடலீன்னா அது தானாப் போட்டுக்கிச்சா? அடைச்சு, சூடேறி, இன்ஜினே போச்சு. அஞ்சு மணிக்கு வேற டிரைவரைக் கூட்டிட்டு வர்றேன். சாவியக் குடுத்துட்டு நடையைக் கட்டு."

ஸ்டியரிங்கை விட்டு இறக்கப்பட்ட மனுஷன் படும் பாடு மாரப்பனுக்குத் தெரியாதா என்ன? ஆனால் உண்மையைச் சொன்னால் இந்தப் பட்டறையும் போய்விடும். ஐம்பத்தாறு வயதில் இனி எந்தப் பட்டறை வாசலில் போய் நிற்பது?

முதலாளி போனதும் வேலை ஆரம்பமானது. மேலே இருந்ததை எல்லாம் ஒவ்வொன்றாகக் கழட்டி, போல்ட்டுகளை எடுத்து, சங்கிலிக் கப்பி போட்டு ஹெட்டைத் தூக்கினார்கள். ஹெட்டின் அடியில் இரண்டு வால்வுக்கு நடுவே மயிரிழை மாதிரி விரிசல். கீழே பிளாக்கின் மேல் பழைய கேஸ்கெட் தீய்ந்துபோய்க் கறுப்பாக ஒட்டிக் கிடந்தது. பத்து நாளுக்கு முன் மாற்றிய கேஸ்கெட் அப்படி இருக்காது. வருஷக்கணக்காக வெந்த கேஸ்கெட் அது. குருடனுக்குக்கூடத் தெரியும்.

மேஸ்திரி அதையே பார்த்தார். மாரப்பன் மேஸ்திரியையே பார்த்தார். இதோ கேட்கப்போகிறார், கேட்டுவிட்டார் என்று காத்து நின்றார்.

"புது ஹெட்தான் போடணும். போன் பண்ணியிருக்கேன், மதியம் வந்துடும்," என்றார் மேஸ்திரி. "அதுக்குள்ள இந்த கேஸ்கெட்டை வழிச்சு எடுத்துடுங்கண்ணா. பிளாக்குல கீறல் விழக்கூடாது. ஒரு துணுக்கு மிச்சம் இருந்தாலும் புது ஹெட் ஒழுங்கா உக்காராது."

சிலிண்டர் வாய்களில் துணியை அடைத்துவிட்டு மாரப்பன் பிளேடை எடுத்தார். மண்ணெண்ணெய் ஊற்றுவார், ஊற வைப்பார், சுரண்டுவார். எதை எடுத்தாகிவிட்டது என்று சொன்னாரோ அதையே நகக்கண் அளவு நகக்கண் அளவாக எடுத்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டு மணி நேரம் ஆயிற்று. இடுப்பு கழன்று விழும் போல இருந்தது. இதை அன்றைக்கே செய்திருக்கலாமே என்று நினைத்தார். அன்றைக்கு வெறும் இடுப்பு வலியோடு போயிருக்கும்.

ஜபருல்லா ரேடியேட்டரைக் கழட்டிக் கொண்டுபோய்ச் சுத்தம் செய்து வாங்கி வந்திருந்தான். வேலை போகப்போகிறது என்று தெரிந்தும் செய்தான். மாரப்பன் தவிப்பதைப் பார்த்து அருகில் வந்து உட்கார்ந்தான்.

"கை வலிக்குதாண்ணே? குடுங்க, கொஞ்ச நேரம் நான் வழிக்கறேன்."

"வேண்டாம் தம்பி."

"மண்ணெண்ணெயாச்சும் ஊத்தறேன்," என்று டப்பாவை எடுத்துக்கொண்டான். சும்மா இருக்க அவனால் முடியவில்லை. "நீங்களும் வண்டி ஓட்டுனவரு. நீங்களே சொல்லுங்கண்ணே, தெனம் காலையில தண்ணி பாக்காம நான் சாவி போட மாட்டேன். எனக்கு மஞ்சத்தூள் எதுக்கு?"

மாரப்பன் குனிந்து இன்னும் வேகமாகச் சுரண்டினார்.

சாப்பாட்டு நேரத்தில் மேஸ்திரி தனியாக இருந்தபோது மாரப்பன் மெல்லப் போய் நின்றார்.

"மேஸ்திரி, ஒண்ணு கேக்கணுமுங்க."

"கேளுங்கண்ணா."

"ஒரு வண்டி கெட்டுப்போச்சுன்னா தப்பு யாரு மேலங்க? ஓட்டுனவன் மேலயா, வேலை பாத்தவன் மேலயா?"

மேஸ்திரி டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு எழுந்து வந்தார். வழித்த பிளாக்கின் மேல் உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனார். ஒரு மூலையில் கை நின்றது.

"இங்க ஒரு துணுக்கு இருக்குதுங்கண்ணா."

மாரப்பன் மறுபடி பிளேடை எடுத்தார்.

இரண்டு மணிக்குப் புது ஹெட் ஆட்டோவில் வந்து இறங்கியது. ஹெட் மட்டும்தான். மேஸ்திரி பிளாக்கின் மேல் இரும்பு ஸ்கேலைக் குறுக்கே வைத்து மேடு பள்ளம் பார்த்தார். திருப்தியாக இருந்தது. கையை நீட்டினார்.

"கேஸ்கெட் குடுங்கண்ணா."

மாரப்பன் ஆட்டோ போன பக்கம் பார்த்தார். "ஹெட்டோட கேஸ்கெட் வரலைங்களே. சேலம் போயி வாங்கிட்டு வந்துடட்டுங்களா?"

"போய்ட்டு வர ஆறு மணி ஆயிடும். அஞ்சு மணிக்கு மொதலாளி வந்துடுவார்."

மேஸ்திரி நீட்டிய கையை மடக்கவில்லை. அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால்கூட மாரப்பன் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பார். அலுப்புதான் இருந்தது.

மாரப்பன் டயர் அடுக்குக்குப் பின்னால் போனார். உறை பிரிக்காத கேஸ்கெட்டைக் கொண்டுவந்து நீட்டினார். மேஸ்திரி தூசியை ஊதிவிட்டு உறையைக் கிழித்தார்.

"எழுத்து இருக்கற பக்கம் மேல வரணும். சரிங்களா?"

"சரிங்க."

"ஹெட்டை இறக்கலாம். போல்ட்டை நீங்க முடுக்குங்க."

மாரப்பன் முடுக்கினார். நடுப் போல்ட்டில் ஆரம்பித்து, மாற்றி மாற்றி, ஓரத்துக்குப் போனார். முதல் சுற்று லேசாக, இரண்டாவது கொஞ்சம் கூட, மூன்றாவது முழு இறுக்கம். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் ஒவ்வொரு போல்ட்டிலும் 'டக்' என்றது. ஒன்றைக்கூட அவர் விடவில்லை. அவ்வளவு கவனமாக அவர் வாழ்க்கையில் எந்த வேலையும் செய்ததில்லை.

நாலே முக்காலுக்கு இன்ஜின் ஸ்டார்ட் ஆனது. கசிவு இல்லை, புகை இல்லை.

சொன்னபடி ஐந்து மணிக்குச் சென்னியப்பன் வந்தார். பின்னால் புது டிரைவர். ஜபருல்லா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சாவியை நீட்டினான்.

"மொதலாளி," என்றார் மாரப்பன். "மஞ்சத்தூளு நான் போட்டனுங்க."

சென்னியப்பனுக்குப் புரியவில்லை. "என்னது?"

"போன தடவை வண்டி வந்தப்ப நான்தானுங்க போட்டேன். கேஸ்கெட்டும் மாத்தலீங்க. மாத்துனேன்னு மேஸ்திரிகிட்டப் பொய் சொன்னேன். தம்பி மேல ஒரு தப்பும் இல்லைங்க."

சென்னியப்பன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஏனய்யா, காலையில இவனை அந்தப் பேச்சுப் பேசுனனே, அப்பவும் இங்கதானே நின்னே?"

"நின்னனுங்க."

"கேட்டுக்கிட்டு நின்னியா?"

"ஆமாங்க."

"தூ! நரைச்ச தலை!"

சாவியை ஜபருல்லா கையில் திரும்பத் திணித்தார். அவனிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அந்த மட்டில் அவர் முதலாளிதான். மேஸ்திரியைப் பார்த்து, "அம்மிணி, ஒரு நடை ஓடுனப்புறம் போல்ட்டு மறுக்கா முடுக்கணும்பீங்களே, நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு வண்டியை அனுப்பறேன். ஆனா இந்தாளு கை என் வண்டி மேல படக்கூடாது," என்றார்.

"வண்டியை அனுப்புங்க," என்றார் மேஸ்திரி.

ஜபருல்லா லாரியில் ஏறக் கால் வைத்தவன் நின்றான். திரும்பி மாரப்பனைப் பார்த்தான்.

"உங்களுக்கு நான் மண்ணெண்ணெ ஊத்திக் குடுத்தனேண்ணே," என்றான். ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டிப்போனான்.

மாரப்பன் காக்கிச் சட்டையைக் கழட்டி மடித்து வைத்தார். தன் சட்டையைப் போட்டுக்கொண்டு தூக்குவாளியை எடுத்தார். மேஸ்திரி சோப்புத்தூள் போட்டுக் கை தேய்த்துக்கொண்டிருந்தார்.

"பழைய கேஸ்கெட்டப் பாத்தப்பவே தெரிஞ்சுபோச்சுங்களா மேஸ்திரி?"

"ம்."

"அப்பவே கேட்டிருக்கலாமுங்களே. பகல் பூரா உசிரை எடுத்துட்டீங்க."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

மாரப்பன் யோசித்தார். இன்னொரு பொய் சொல்ல அவரிடம் தெம்பு இல்லை.

"அந்தப் பையன் மேலதான் போட்டிருப்பேன்."

மேஸ்திரி தலையை ஆட்டிக்கொண்டே கையைக் கழுவினார்.

"நான் வர்றனுங்க மேஸ்திரி. நாளையிலிருந்து என்னை எதிர்பாக்காதீங்க," என்றார் மாரப்பன். "இன்னிக்கு உண்மையைச் சொல்லிட்டேன், சரி. நாளைக்கு மறுபடி இடுப்பு வலிக்கும், வெயிலடிக்கும். அப்ப என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியலைங்க. என் மேல எனக்கே நம்பிக்கை இல்லை. உங்களுக்கு எப்படிங்க வரும்?"

மேஸ்திரி ஈரக் கையை முந்தானையில் துடைத்தார். பெஞ்சின் மேல் கிடந்த டார்க் ரெஞ்சை எடுத்து, அதில் இருந்த எண்ணெயையும் துடைத்து, மாரப்பனின் கையில் வைத்தார்.

"புது ஹெட் முதல் சூட்டுல கொஞ்சம் தளரத்தான் தளரும்ண்ணா. முடுக்குன கைதான் மறுபடி முடுக்கணும். வண்டி எட்டு மணிக்கு வருது, நேரத்துல வந்துடுங்க."