மொக்கராசு கதவோடு வகுப்புக்குப் போன கதை

புத்தியைப் படி போட்டு அளந்து இலவசமாகக் கொடுக்கிறார்கள், பை கொண்டு வாருங்கள் என்று யாராவது சொன்னால், கூதலூர்க்காரர்கள் நால்வரும் முதல் ஆளாகப் போய் வரிசையில் நிற்பார்கள். கொண்டுவரச் சொன்ன பையை ஒப்படைத்துவிட்டு, சொன்னதைச் செய்துவிட்ட திருப்தியோடு வெறுங்கையை வீசிக்கொண்டு வீடு திரும்புவார்கள். அந்த நால்வரின் கதைதான் இது.

கூதலூர் மலைமேல் இருக்கிறது. கார்த்திகை பிறந்தால் எதிர்வீடு தெரியாத அளவுக்கு மூடுபனி இறங்கும். நால்வரும் அங்கிருந்த தேயிலைத் தொழிற்சாலையில் ஆயுசைக் கழித்தவர்கள். காதர் பாய் கூடையைத் தூக்குவார். ஆசீர்வாதம் கொட்டுவார். மொக்கராசு பரப்புவார். மேஸ்திரி சடையாண்டி பார்ப்பார். ஒருவன் வேலையை இன்னொருவன் தொட்டால் அது பெரிய குற்றம். ஒருமுறை காதர் பாய் கூடையோடு கால் தடுக்கி விழப்போனபோது மற்ற மூவரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பிடிப்பது யார் வேலை என்று அதுவரை முடிவாகியிருக்கவில்லை.

ஓய்வு கொடுத்து அனுப்பிய பிறகும் தொழிற்சாலையின் லைன் வீட்டு வரிசையில், சுவரோடு சுவராக அடுத்தடுத்துதான் குடியிருந்தார்கள்.

இதில் மொக்கராசுவுக்கு மட்டும் மனசில் ஒரு முள் உண்டு. மலையடிவாரத்தில் கீழ்க்கணவாய் என்ற ஊரில் அவருடைய அக்கா குருவம்மா இருந்தாள். தாயில்லாத தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். அவள் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தது. 'தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து' என்று அதில் அச்சடித்திருந்தது. தனியாகப் போனால் அக்காவுக்கு மரியாதை இல்லையே என்று மொக்கராசு சுற்றத்தையும் நட்பையும் திரட்டக் கிளம்பினார். கோபித்துக்கொண்டு போன சித்தப்பாவைச் சமாதானம் செய்து, கால் முறிந்த மச்சானுக்குக் கட்டுப் பிரிக்கும்வரை காத்திருந்து, எல்லாரையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினால், அங்கே மணப்பெண்ணின் பிள்ளைக்குக் காது குத்திக்கொண்டிருந்தார்கள்.

குருவம்மா கதவைச் சாத்தியவள்தான். அதற்கப்புறம் பேச்சில்லை.

இப்படியிருக்க, நகரத்திலிருந்து 'இளவெயில் மன்றம்' என்ற ஒரு கூட்டம் மூத்தோருக்கான பனிக்கால இணைய வகுப்பு ஆரம்பித்தது. உடற்பயிற்சி, பாட்டு, ஞாபகசக்தி, அரட்டை எல்லாம் உண்டு. வயதானவர்களைத் தனிமையிலிருந்து மீட்கப்போகிறோம் என்று சொல்லி, அவரவரை அவரவர் வீட்டில் தனியாக உட்கார வைத்துக் கதவைச் சாத்தச் சொல்லும் ஏற்பாடு அது. நல்ல மனசுக்காரர்கள்தான், மனசு இருந்த அளவுக்கு மற்றது இல்லை. பனியில் வெளியே வராதீர்கள், வீட்டில் இருந்தபடியே கலந்துகொள்ளுங்கள், கதவைச் சாத்தி வையுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

நால்வரும் பேர் கொடுத்தார்கள். ஆனால் மொக்கராசுவிடம் மட்டும்தான் படம் தெரிகிற போன் இருந்தது.

"மொக்கராசு வீட்டுக்குப் போகணும். ஆனா வெளிய வரக்கூடாது" என்றார் மேஸ்திரி.

"வெளிய வராம எப்படி மேஸ்திரி அடுத்த வீட்டுக்குப் போறது?" என்றார் ஆசீர்வாதம்.

மேஸ்திரி கண்ணை மூடி யோசித்தார். கூதலூரில் அவர் கண்ணை மூடினால் எங்கோ ஏதோ இடியப்போகிறது என்று அர்த்தம்.

அன்று சாயங்காலத்துக்குள் லைன் வீட்டு நடுச்சுவர்கள் எல்லாவற்றிலும் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்துவிட்டது. மேற்கு ஜன்னலில் புகுந்த பனிக்காற்று நாலு வீட்டையும் ஒரே மூச்சில் கடந்து கிழக்கு ஜன்னலில் வெளியேறியது. மேஸ்திரியின் மனைவி சின்னத்தாயி அடுப்பு பற்றாமல் ஊதி ஊதி ஓய்ந்து போய், ஓட்டை வழியாகத் தலையை நீட்டினாள்.

"ஏய்யா, பனியில நனையக்கூடாதுன்னு பனியையே வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்திருக்கியே. உன்னைக் கட்டுனதுக்கு அந்தச் சுவரைக் கட்டியிருக்கலாம். நிக்கவாச்சும் செஞ்சிருக்கும்."

"நாங்க வெளிய போனமா? போகலைல்ல? அதான் கணக்கு" என்றார் மேஸ்திரி.

முதல் வகுப்பு மூச்சுப்பயிற்சி. திரையில் மிருதுளா என்ற டீச்சர் வந்தாள். எதைப் பார்த்தாலும் 'அருமை' என்பாள்; பார்க்காவிட்டாலும் சொல்வாள்.

"மூச்சை நன்றாக இழுங்கள்... மெதுவாக விடுங்கள்" என்றாள்.

மேஸ்திரி உடனே வேலையைப் பிரித்தார். "காதரு, ஆசீர்வாதம், நீங்க இழுங்க. மொக்கராசு விடட்டும். நான் பார்க்குறேன்."

காதர் பாயும் ஆசீர்வாதமும் இழுத்தார்கள். டீச்சர் சொல்லச் சொல்ல மேலும் மேலும் இழுத்தார்கள். இரண்டு பேர் முகமும் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. மொக்கராசுவோ விட்டுக்கொண்டே இருந்து, விட ஒன்றும் இல்லாமல் காற்றுப் போன பாலிதீன் பை மாதிரிச் சுவரோரம் சரிந்தார்.

"யோவ், அவுகளை விடச் சொல்லுய்யா, செத்துருவாக!" என்று கத்தினாள் சின்னத்தாயி.

"விடுறது அவங்க வேலை இல்ல" என்றார் மேஸ்திரி.

சின்னத்தாயி விளக்குமாற்றை எடுத்து ஆளுக்கொரு அடி வைத்தாள். அப்போதுதான் மூச்சு ஒழுங்குக்கு வந்தது.

"அருமை, அருமை" என்றாள் டீச்சர்.

மறுநாள் பனியில் சிக்னல் செத்து, திரையில் டீச்சர் ஒரு கையைத் தூக்கி, ஒரு கண்ணை மூடி, வாயைப் பாதி திறந்தபடி உறைந்துபோனாள். நால்வரும் அப்படியே நின்றார்கள். மத்தியானம் ஆயிற்று. ஆசீர்வாதத்தின் திறந்த வாயில் ஒரு ஈ உள்ளே போய், சுற்றிப் பார்த்துவிட்டு, பிடிக்காமல் வெளியே வந்தது.

"மேஸ்திரி, கை வலிக்குது" என்றார் மொக்கராசு, வாயைப் பாதியே திறந்து.

"அந்தப் பொம்பளப்பிள்ளை ஒத்தையா நிக்குது. நமக்கு வெக்கமா இல்ல?"

பொழுது சாயும் நேரத்தில் போனில் சார்ஜ் தீர்ந்து திரை கறுத்தது. "டீச்சர் வீட்டுல விளக்கு வைக்கல போல. பாவம்" என்று சொல்லிக் கையை இறக்கினார்கள்.

அதற்கடுத்த வகுப்பில்தான் விஷயம் முற்றியது. திரையில் வரிசையாகத் தெரிந்த சின்னச் சின்ன முகங்களில் ஒன்றைப் பார்த்து மொக்கராசு எழுந்தே விட்டார். அதே மூக்குத்தி. அதே முறைப்பு.

"எங்க அக்கா! மேஸ்திரி, எங்க அக்கா!"

"பேச விரும்புகிறவர்கள் கையைத் தூக்குங்கள்" என்றாள் டீச்சர்.

மொக்கராசு கையைத் தூக்கப் போனார். மேஸ்திரி அதைத் தட்டிவிட்டார். "தூக்குறது காதர் வேலை. இத்தனை வருஷம் கூடை தூக்குனவன். நீ பேசு."

காதர் பாய் கையைத் தூக்கினார். டீச்சர் அவரைக் கூப்பிட்டாள். பேசுவது தன் வேலை இல்லாததால் காதர் பாய் கம்பீரமாகச் சும்மா இருந்தார். பின்னால் இருந்து மொக்கராசு, "அக்கா... அக்கா..." என்று அழுதார். குருவம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம், தாடி வைத்த ஒரு பெரியவர் வாயைத் திறக்காமலே தன்னை அக்கா என்று அழைப்பதுதான்.

"இது எந்தக் கூத்து?" என்றாள். பிறகு உற்றுப் பார்த்தாள். "அந்தச் சுவரோரம் நிக்குறது எங்க மொக்கையா? இன்னும் திருந்தல நீ. இந்தா பாரு. பொங்கலன்னைக்குக் கடைசி வகுப்பு. அன்னைக்கு இந்த ஊர்ப்பட்ட கூட்டம் இல்லாம, நீ மட்டும் மூஞ்சியக் காட்டி, 'அக்கா'ன்னு ஒரு வார்த்தை ஒழுங்காக் கூப்பிட்டாப் பேசுறேன். இல்லன்னா என் சாவுக்குக்கூட வராத."

அன்றிலிருந்து மொக்கராசுவுக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணாடி முன்னால் நின்று 'அக்கா, அக்கா' என்று பழகினார். கண்ணாடி பதிலுக்குக் கூப்பிடவே, யார் யாருக்குத் தம்பி என்று குழம்பிப் போய் உட்கார்ந்தார்.

பொங்கலும் வந்தது. விடிந்தால் பனி அப்பிக் கிடக்கிறது. போனில் சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. மொக்கராசு தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"கொஞ்சம் இறங்கிப் போனாக் கோடு வரும்" என்றார் ஆசீர்வாதம்.

"வீட்டுல இருந்தபடியே கலந்துக்கணும்னு சொல்லியிருக்காங்களே. கதவைச் சாத்தி வேற வைக்கணும்" என்றார் மொக்கராசு.

மேஸ்திரி கண்ணை மூடினார். சின்னத்தாயி அவசரமாகப் பொங்கல் பானையை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள்.

மொக்கராசு வீட்டு வாசற்கதவை நிலையோடு பெயர்த்தார்கள். வீட்டை விட்டுக் கிளம்பும்போது கதவைப் பூட்ட வேண்டும் என்பது நால்வருக்கும் தெரிந்த ஒரே நல்ல பழக்கம். அதனால் கதவைப் பூட்டி, சாவியைச் சின்னத்தாயியிடம் கொடுத்துவிட்டு, காதர் பாய் தலையில் கதவை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள்.

"வீடு திறந்து கிடக்கேய்யா!" என்றாள் சின்னத்தாயி.

"கண்ணு தெரியலையா? பூட்டியாச்சு" என்று காதர் பாயின் தலைக்கு மேல் தொங்கிய பூட்டைக் காட்டினார் மேஸ்திரி.

முதல் வளைவில் ஒரு கோடு வந்தது. "போதும் மேஸ்திரி, இங்கேயே வைப்போம்" என்றார் மொக்கராசு.

"உங்கக்காகிட்ட ஒத்தைக் கோட்டுல பேசப் போறியா? அதுக்கு மரியாதை வேண்டாமா?"

அது நியாயமாகப் பட்டது. அடுத்த வளைவில் இன்னொரு கோடு. இறங்க இறங்கக் கோடு ஏறியது. ஏறுகிற கோட்டை விட்டுவிட்டு நிற்க யாருக்கு மனசு வரும்? இறங்கி இறங்கி, மலையே முடிந்து, கீழ்க்கணவாய்த் தெருவில் ஒரு டவருக்குப் பக்கத்து வீட்டு வாசலில் வந்ததும் கோடுகள் நிறைந்தன. அது குருவம்மாவின் வீடு. நாலு பேரில் ஒருவரும் வீட்டை நிமிர்ந்து பார்க்கவில்லை. போனைத்தான் பார்த்தார்கள்.

பூட்டிய கதவுக்குப் பின்னால் மொக்கராசு எப்படிப் போவது என்று ஒரு சிக்கல் எழுந்தது.

"அவன் முதல்ல உக்காரட்டும். அப்புறம் நாம கதவை முன்னால வைப்போம்" என்றார் மேஸ்திரி. கதவைத் திறக்காமலே ஆளை உள்ளே வைத்த அந்த மூளையை மற்றவர்கள் வாய் பிளந்து பார்த்தார்கள். நடுத்தெருவில் கதவை நிமிர்த்தி, இரண்டு பக்கமும் கல் முட்டுக் கொடுத்தார்கள். மொக்கராசு அந்தப் பக்கம், தன்னந்தனியாக. மூவரும் இந்தப் பக்கம், காவல்.

வகுப்பு தொடங்கியது. திரையில் மூக்குத்தி மின்னியது. மொக்கராசு முகத்தைத் துடைத்தார். இத்தனை வருஷமும் தொண்டையில் நின்றது, எந்த உதவியும் இல்லாமல், அவர் வாயாலேயே வந்தது.

"அக்கா."

குருவம்மாவின் முறைப்பு கலைந்தது. அந்தக் குரல் போனிலிருந்தும் வருகிறது, வாசலிலிருந்தும் வருகிறது. போனை நிறுத்தி வைத்தபடியே விட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடி வந்தாள்.

திரையில் வெறும் நாற்காலி. "போயிட்டியா அக்கா? கூப்பிட்டனே! ஒழுங்காத்தான கூப்பிட்டேன்?" என்று மொக்கராசு குமுறினார்.

"அருமை" என்றாள் டீச்சர்.

வெளியே குருவம்மாவை மேஸ்திரி மறித்தார். "யாரும்மா? வகுப்பு நடக்குது."

"இவுங்க போன்ல வர்ற அக்கா மாதிரியே இருக்காங்க மேஸ்திரி" என்றார் ஆசீர்வாதம்.

"அந்தம்மா பெருவிரல் உசரம். இவுங்க ஆள் உசரம். ரெண்டும் எப்படிய்யா ஒண்ணாகும்?"

குருவம்மா அவரைத் தள்ளிவிட்டு ஓடிவந்து கதவைத் தட்டினாள். ஆம், தட்டினாள். மொக்கராசுவோடு ஒரே வயிற்றில் பிறந்தவள் அல்லவா!

"டேய் மொக்கை! நான்தாண்டா, அக்கா! தொறடா!"

மொக்கராசு துள்ளி எழுந்து கதவை இழுத்தார். "பூட்டியிருக்குக்கா! சாவி கூதலூர்ல இருக்கு!"

"அழாதடா என் ராசா. உன் மேல கோவம் இல்லடா. எத்தனை நேரமானாலும் நிக்கிறேன்." கதவின் இந்தப் பக்கம் அவள் நெற்றியை வைத்து அழுதாள். அந்தப் பக்கம் அவர் வைத்து அழுதார்.

சாவி தூக்கி வருவது யார் வேலை என்பதில் சந்தேகமே எழவில்லை. காதர் பாய் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மலையேறக் கிளம்பினார்.

பொழுது இறங்கிப் பனி விழ ஆரம்பித்தது. அப்போது தெருவோடு வந்த ஒரு ஆடு, கதவை ஒரு சுற்றுச் சுற்றி அந்தப் பக்கம் போய், மொக்கராசுவின் துண்டைக் கொஞ்சம் கடித்து மென்றுவிட்டு, இந்தப் பக்கம் வந்து குருவம்மாவின் முந்தானையை முகர்ந்து பார்த்து, தன் வழியே போயிற்று.

குருவம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அதையே பார்த்தாள். "ஏங்க மேஸ்திரி, கதவு பூட்டியிருக்கே. இந்த ஆடு எப்படி உள்ள போய்ட்டு வந்துச்சு?"

மேஸ்திரி கண்ணை மூடி வெகுநேரம் யோசித்தார்.

"அது போகலாம்மா. அது வகுப்புல பேர் குடுக்கலையே."