பிழை பொறாத பூரணவல்லி

சிவகாசிக்குப் பக்கத்தில் மேலக்கொன்றை என்றொரு சிற்றூர். அங்கே வாழ்ந்தவர் பூரணவல்லி அம்மையார். அச்சுக்குப் போகும் தாள்களைப் படித்துப் பிழை நீக்குவது அவர் செய்த தொண்டு. கல்யாணப் பத்திரிகை, நாள்காட்டி, கடை விளம்பரம், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி என்று வாடிக்கையாளர்கள் எதைக் கொண்டுவந்தாலும், கணினியில் வடிவமைப்பு முடிந்து ஒரு படி எடுத்ததும் அது அம்மையாரின் மேசைக்கு வரும். மேசை என்பது மரியாதைக்குச் சொல்வது. இரண்டு காகிதக் கட்டுகளின்மேல் கிடந்த ஒரு பலகைதான் அது. அதன் முன் அமர்ந்து இடக்கண்ணால் படிப்பார். வலக்கண் அவருக்கு இல்லை.

எந்தத் தாளையும் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கித்தான் படிப்பார். மேலிருந்து கீழே படித்தால் பொருள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும், எழுத்து தப்பித்துக்கொள்ளும் என்பது அவர் கண்ட அனுபவம். திருவிழா அறிவிப்பொன்றில் 'பக்தர்கள் மிரண்டு வாரீர்' என்றிருந்ததை அவர்தாம் 'திரண்டு' ஆக்கினார். மணமகள் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் மணமகனின் தாயார் பெயர் ஏறியிருந்ததையும் அவரே பிடித்தார். படித்து முடித்ததும் தாளின் அடியில் சிவப்பு மையால் 'பூ' என்று ஓர் எழுத்து இடுவார். அந்த எழுத்து விழாத எந்தத் தாளும் அச்சுப் பிளேட்டுக்குப் போகக் கூடாது என்று அச்சக முதலாளி சேர்மக்கனி சொல்லி வைத்திருந்தார்.

அச்சு எந்திரம் அவருக்காகக் காத்து நிற்கும்போதெல்லாம் எந்திரக்காரர்கள் பல்லைக் கடிப்பார்கள். "ஒத்தக்கண்ணு கோர்ட்டுல கேஸு நிக்குதப்பா" என்று அவர் காதில் விழும்படியே சொல்லிச் சிரிப்பார்கள். அம்மையார் தலை நிமிர்வதில்லை.

நாள்தோறும் காலை, அச்சகத்துக்குப் போகும் டவுன் பஸ் வருவதற்கு முன் அவர் ஊர்க் கோயிலுக்குப் போவார். கொன்றைவனநாதர் கோயில் அது. அம்மன் பெயர் பிழைபொறுத்த நாயகி. அம்மையார் உள்ளே போகமாட்டார். பலிபீடத்தருகே நின்று, கைகூப்பி, அன்றாடம் ஒரே வார்த்தையைச் சொல்வார்.

"நீ பொறுத்துக்கோ தாயீ. நான் பொறுக்க மாட்டேன்."

கேட்டவர்கள் இதென்ன வழிபாடு என்று முகம் சுளித்தார்கள். காரணம் சிலருக்கே தெரியும்.

பதினோராண்டுகளுக்கு முன் அம்மையாரும் அவர் கணவர் சீனியப்பனாரும் ஒரு பட்டாசு ஆலையில் வேலை செய்தனர். கணவருக்கு மருந்து கலக்கும் அறையில் வேலை. மருந்து டப்பாக்களில் பெயர்ச் சீட்டு ஒட்டுவது மனைவியின் வேலை. ஒருநாள் அச்சாகி வந்த சீட்டுக் கட்டில் ஒரு மருந்தின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வேறொரு மருந்தின் பெயர் இருந்தது. அம்மையாருக்கு நன்றாகப் படிக்கத் தெரியும். ஆனால் அவசரத்தில் படிக்காமலே ஒட்டினார். சீட்டை நம்பிக் கணவர் கலந்தார். அறை வெடித்தது. ஓடிப்போய் இழுக்கப் பார்த்த அம்மையாருக்கு வலக்கண் போயிற்று, கணவரும் போனார்.

காயம் ஆறி எழுந்தவர் முதலில் போய் நின்றது அந்தப் பலிபீடத்தருகேதான். உறவுக்காரர்கள், "உன் மேல குத்தம் இல்லடி, அம்மா பொறுத்துக்கிட்டா" என்றனர். அந்த ஆறுதல் அவருக்குக் கசந்தது. அச்சடித்தவன் பிழையையும் ஒட்டிய தன் பிழையையும் ஒரு தாய் சும்மா பொறுத்துக்கொண்டாள் என்றால், செத்த மனிதருக்கு என்ன பதில் என்று அவர் நெஞ்சு கேட்டது. அன்று தொடங்கிய வழக்கு அது. கோபித்துக்கொண்டு விலகிப் போகவும் அவரால் இயலவில்லை. நாள் தவறாமல் வந்து நின்று கோபித்துக்கொண்டார். அம்மனிடம் அவ்வளவு உரிமை அவருக்கு இருந்தது. வெடி மருந்தை விட்டு அச்சகத்தில் சேர்ந்து, பிறர் பிழைகளைத் துரத்தத் தொடங்கியதும் அப்போதுதான்.

இப்படியிருக்க, மேலக்கொன்றைக் கோயிலுக்குத் திருப்பணி நடந்து குடமுழுக்கு நாளும் குறித்தாயிற்று. திருப்பணிக் குழுத் தலைவர் ஆவுடையப்பன். பெரிய மோட்டார் பம்பு வியாபாரி, ஊரில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. குடமுழுக்கு அழைப்பிதழை வெளியூரில் ஒருவரிடம் வடிவமைத்து வாங்கி, அச்சடிக்க சேர்மக்கனியிடம் கொடுத்தனுப்பினார். படி எடுத்து அம்மையாரிடம் வந்தது.

அம்மையார் வழக்கம்போல் கீழிருந்து படித்துக்கொண்டே போனார். மேலே, தங்க நிறத்தில் கொட்டை எழுத்தில் இருந்த வரிக்கு வந்ததும் பேனா நின்றது. 'ஸ்ரீ ராஜமகேஸ்வரி உடனாய கொன்றைவனநாதர்' என்றிருந்தது. அம்மையார் ராஜமகேஸ்வரியைச் சிவப்புக் கோட்டால் அடித்து, மேலே 'பிழைபொறுத்த நாயகி' என்று எழுதினார்.

திருத்தம் போன வேகத்தில் ஆவுடையப்பனே காரில் வந்து இறங்கினார்.

"சாமி பேரு தெரிஞ்சுதான் மாத்திருக்கோம்மா. பத்திரிகையப் பிரிச்சதும் பிழைன்னு கண்ணுல படுது. மங்கல காரியம் பாரு. எண்கணிதம் பாத்து வச்ச பேரு இது. பேசாமக் கையெழுத்துப் போடு."

"தப்புன்னு தெரிஞ்ச தாள்ல நான் பூ போடுறதில்ல அண்ணாச்சி."

"எழுத்து எங்க தப்பா இருக்கு? காட்டு."

"எழுத்து சரியாத்தான் இருக்கு. ஆளு தப்பு. உங்க மகன் கல்யாணத்துக்கு அடுத்த வீட்டுப் பையன் பேரப் போட்டுக் கொண்டாந்தா, எழுத்து சரின்னு நான் விட்டுருவேனா?"

எந்திரங்களின் ஓசைக்கு நடுவே யாரோ சிரித்தார்கள். ஆவுடையப்பனின் முகம் சிவந்தது. "இருக்கிறது ஒத்தக் கண்ணு. அதுக்கு இம்புட்டு வீம்பு" என்றார்.

"ஆமாண்ணாச்சி, ஒத்தக் கண்ணுதான். அதுக்கே தெரியுது."

ஆவுடையப்பன் சேர்மக்கனியை வெளியே அழைத்துப் போய்ப் பேசினார். கோயில் வேலை மட்டுமன்று, தம் கம்பெனியின் நாள்காட்டி வேலையும் இனி இங்கே வராது என்றார். வெள்ளிக்கிழமை முதல் பிரதி அம்மன் பாதத்தில் இருக்கவேண்டும் என்று கெடுவும் வைத்தார். சேர்மக்கனி திரும்பி வந்தபோது அவர் கண்கள் தரையில் இருந்தன.

"பூரணம், நாலு நாளைக்கு நீ வீட்டுல இரு."

"பூ போடாத தாளு போகக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீக?"

"சொன்னேன்."

"அப்ப நீங்களே போட்டுக்கோங்க." அம்மையார் சிவப்புப் பேனாவை அவர் கையில் கொடுத்துவிட்டு, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

ஊரில் வேறு மாதிரிப் பேச்சு கிளம்பியது. தினமும் அம்மனைத் திட்டுகிறவளுக்கு அம்மன் பேர்மேல் என்ன திடீர்ப் பாசம் என்று கேட்டார்கள். "நான் அவகிட்ட சண்ட போடணும்னா அவ பேரு அவகிட்ட இருக்கணும்ல" என்று அம்மையார் அடுத்த வீட்டுப் பெண்ணிடம் மட்டும் ஒருமுறை சொன்னாராம்.

கோயிலில் அப்போது உழவாரப் பணி நடந்துகொண்டிருந்தது. பல தலைமுறையாகப் பூசிப் பூசி ஏறிப்போன சுண்ணாம்பை ஊர்ப் பெண்கள் சுரண்டி எடுத்தார்கள். அம்மையாரும் போய்ச் சேர்ந்துகொண்டார். அம்மன் சந்நிதியின் தென்சுவர் அவருக்குக் கிடைத்தது. பலிபீடத்தைத் தாண்டி அவர் அவ்வளவு உள்ளே போனது அந்தப் பதினோராண்டில் அதுவே முதல்முறை.

வியாழக்கிழமை முற்பகல், சுண்ணாம்பு ஒரு பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. அடியில் கல் சமமாக இல்லை. விரலால் தடவிப் பார்த்தார். எழுத்து.

பெண்கள் கூடிவிட்டனர். கல்லெல்லாம் ஒரே கருப்பு, ஒன்றும் தெரியவில்லை. சுவாமிநாத குருக்கள் ஒரு தட்டு நிறைய விபூதி கொண்டுவந்து நீட்டினார். அம்மையார் அதைக் கல்லில் தேய்த்து உள்ளங்கையால் வழித்தார். பள்ளங்களில் நீறு தங்கி, எழுத்துகள் வெள்ளையாக எழுந்து நின்றன. புள்ளி கிடையாது, சொற்களுக்கு நடுவே இடைவெளியும் கிடையாது. "இத யாரு படிக்கிறது?" என்றார் குருக்கள். ஆனால் கணினியில் எழுத்துரு மாறிப் புள்ளியெல்லாம் உதிர்ந்துபோன தாள்களைப் பதினோராண்டாகப் படித்த கண் அது. அம்மையார் குனிந்து, தம் வழக்கப்படி கடைசி வரியில் தொடங்கினார்.

"பொறுத்தருளின நாச்சியார்."

எல்லோரும் கைகூப்பினர். பெயர் அதுதான், அம்மையார் சொன்னது சரிதான். அவரோ மேல்வரிக்குப் போயிருந்தார். அங்கே அவர் விரல் நின்றது. குருக்கள் பதறி, "என்னம்மா" என்றார். அம்மையார் மெல்லப் படித்தார்.

"பிழை திருத்தின பின்."

மேலே இருந்த வரிகளும் ஒன்றொன்றாக வந்தன. முன்னொரு காலத்தில் அந்தச் சுவரில் அம்மன் பெயரைப் பிழையாக வெட்டிவிட்டார்களாம். கோயிலில் விளக்கேற்றிவந்த அழகியாள் என்பவள், 'இது தீருமட்டும் விளக்கேற்றேன்' என்று நின்றாளாம். கல்லைத் திருத்தி வெட்டிய பிறகே அவள் விளக்கேற்ற, அம்மனும் பொறுத்தருளினாளாம். பிழை திருத்தின பின் பொறுத்தருளின நாச்சியார். அப்படி வந்ததுதான் அவள் முழுப்பெயர். வழங்கி வழங்கி, நடுவில் இருந்த சொல் உதிர்ந்துபோயிருந்தது.

அம்மையார் சுவரில் நெற்றியை வைத்தார்.

"நீ சும்மா பொறுக்கலையா தாயீ" என்றார். "பதினோரு வருசமா இத எனக்குச் சொல்லாம இருந்துட்டியே."

வெடித்த நாளில்கூட அழாதவர் அப்போது அழுதார்.

செய்தி கேட்டு ஆவுடையப்பன் வந்தார். அம்மையார் விலகி நின்று, அவரையே படிக்கச் சொன்னார். அவர் விரல் வைத்து, அம்மையார் எடுத்துக்கொடுக்க, தடுக்கித் தடுக்கி, கடைசி வரை படித்தார்.

"நான் போட்ட திருத்தமும் தப்புதான் அண்ணாச்சி" என்றார் அம்மையார். "பாதிப் பேரத்தான் எழுதியிருந்தேன். முழுசும் இதுதான்."

"இதுலயும் பிழைங்கிற வார்த்தை இருக்கே."

"இருக்கு. திருத்துறதும் பக்கத்துலயே இருக்கு. உங்களுக்கும் எனக்கும் அது போதாதா?"

உள்ளே மணி அடித்தது. குருக்கள் உச்சிக்கால தீபாராதனை காட்டினார். அந்த முழுப்பெயரைச் சொல்லி, ஒருமுறைக்கு மூன்றுமுறையாக அர்ச்சித்தார். ஆவுடையப்பனின் கைகள் தாமாகக் குவிந்தன. குருக்கள் அம்மன் தோளில் கிடந்த அரளி மாலையைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தார். முதல் மரியாதை குழுத் தலைவருக்குத்தான். ஆனால் குருக்கள் அவரைக் கடந்து நேரே பூரணவல்லி அம்மையாரிடம் போனார்.

"முப்பது வருஷமா அம்பாள் பேரைப் பாதிதான் சொல்லிண்டிருந்தேன். இது நான் குடுக்கிற மாலை இல்லை. அவ குடுக்கச் சொல்றா."

சுண்ணாம்பும் நீறும் படிந்த கைகளை நீட்டி அம்மையார் அதை வாங்கிக்கொண்டார். அதைப் பார்த்து நின்ற ஆவுடையப்பன், "அப்படியே அடிக்கச் சொல்லிரும்மா" என்றார்.

மறுநாள் காலை அம்மையார் அச்சகத்துக்குப் போனபோது, அந்தத் தாள் போட்டது போட்டபடியே இருந்தது. நாலு நாளாகியும் சேர்மக்கனிக்கு அதில் பூ போட மனம் வரவில்லை. அம்மையார் முழுப்பெயரை எழுதினார். அதற்குக் கீழே, 'விளக்கேற்றிய அழகியாள் நினைவுடன்' என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். எந்திரம் ஓடத் தொடங்கியபோது, எந்திரக்காரர்கள் முதல் பிரதியைத் துடைத்துக் கொண்டுவந்து இரண்டு கைகளாலும் அவரிடம் கொடுத்தார்கள். மாலைக்குள் அது அம்மன் பாதத்தில் இருந்தது.

அதன்பின் அம்மையார் மனம் இளகிப் பிழைகளை விட்டுவிடத் தொடங்கினார் என்று எண்ண வேண்டாம். ஓர் எழுத்தில் துணைக்கால் குறைந்தாலும் ஒரு புள்ளி தவறினாலும் எந்திரம் நின்றே தீரும். நாள்தோறும் சந்நிதி வாசல் வரை போய் நின்று, "இன்னைக்கும் திருத்தப் போறேன், கூட வா" என்று மட்டும் சொல்லி வந்தார்.

பெரியவர் முகம் பார்த்துப் பிழையை மறைக்காத பூரணவல்லி அம்மையார் வாழ்க. அவர் வரலாற்றை எழுதிய இந்தக் கையில் குறையுண்டானால், அவர் பேனா திருத்தட்டும், பின் அவர் நாச்சியார் பொறுக்கட்டும்.