அன்னக்கொடி கழுவிய குப்பி

ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குப்பி கழுவுகிறவள் அன்னக்கொடி. பேராசிரியர் சபேசன் எல்லார் முன்னாலும் அவள்மேல் பாய்ந்தார்.

"ஒளிர்கிற சாயத்துக்கு எட்டாத தூரத்துலதான் அதோட சக்தியை வாங்குற சாயம் இருக்கு. என் கணக்குப்படி தண்ணியில கலந்தா ஒளி மங்கவே கூடாது, ஆனா மங்குது. உன் குப்பியில அழுக்கு. இல்லேன்னு நிரூபி, இல்லாட்டி நாளைக்கு வராதே."

அவள் தான் கழுவி அடுக்கிய வரிசையிலிருந்தே இன்னொரு குப்பியை எடுத்தாள். அதே சாயங்களை அதே அளவில், தண்ணீருக்குப் பதில் கெட்டிக் கிளிசரினில் கலந்து, ஊதா விளக்கின் கீழ் வைத்தாள். ஒளி மங்கவில்லை.

"அழுக்குன்னா இதுலயும் மங்கணும் ஐயா. கழுவுறப்போ தினம் பார்க்கிறேன், தண்ணியில சாயம் அலைஞ்சுகிட்டே இருக்கும். அலைஞ்சு கிட்ட வந்து சக்தியைப் பிடுங்கிக்குது. கிளிசரின்ல நகர முடியல. உங்க கணக்குல அதுங்க நின்ன இடத்துலயே நிக்குது."

சபேசன் தன் தாளைப் புரட்டினார். நகர்வுக்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

அன்னக்கொடி நிமிர்ந்து கை நீட்டினாள். "குப்பி சுத்தம்தான். கணக்கைக் கொடுங்க, அதையும் கழுவித் தர்றேன்."