அழாத தாழி

அந்த அருங்காட்சியகத்தின் கிடங்கு அறைக்குள் பகலிலும் யாரும் தனியாகப் போவதில்லை. உடைந்த தேர்ச் சிற்பங்களுக்கு நடுவே, அந்தக் காலத்தில் செத்தவர்களை வைத்துப் புதைத்த தாழிகள் வாயில் துணி கட்டி நின்றன. "சிவப்புத் துணி கட்டின பெரிய தாழி அழுவுது, தொட்டுராதீங்க" என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார் காப்பாளர் தாமோதரன்.

அந்த அறையைப் பிள்ளைகள் படிக்கும் இடமாக்கச் சொல்லிக் கலெக்டரம்மா உத்தரவு போட்டார். கூட்டிப் பெருக்கும் சுடலைவடிவைக் காப்பாளர் கூப்பிட்டார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள முடிக்கணும். ஒரு சாமான் வெளிய போகக் கூடாது, பெரிய தாழி அசையக் கூடாது. இல்லன்னா, காணாமப்போன அம்மன் சிலைய நீதான் எடுத்தேன்னு சொல்லிருவேன்."

"சரிங்கய்யா. அசைக்காமலே பாடம் நடத்திருவோம்."

வெள்ளிக்கிழமை கலெக்டர் வந்தபோது, தாழிக்கு ஒரு பிள்ளையாகத் துணிமேல் காதை வைத்துக் குனிந்திருந்தார்கள். ஒருவரும் அசையவில்லை.

"என்ன பாடம் இது?"

"செத்தவங்க வீடு பேசுறதக் கேக்குற பாடம்மா," என்றாள் வடிவு. "என்ன கேக்குது பிள்ளைகளா?"

"தூரத்துல யாரோ அழுற மாதிரி இருக்கு," என்றார்கள். பெரிய தாழியருகே நின்ற சிறுமி மட்டும் நிமிர்ந்தாள். "இதுல ஒண்ணுமே கேக்கல."

"அய்யா அழுவுதுன்னு சொன்னது அது ஒண்ணுதாம்மா," என்றாள் வடிவு. "உள்ள வெறுமையா இருந்தாத்தான் ஊளையிடும். திணிச்சு வச்சிருந்தா எப்படி அழும்?"

கலெக்டர் துணியை அவிழ்க்கச் சொன்னார். வைக்கோலுக்கு நடுவே, காப்பாளரின் துண்டுக்குள்ளிருந்து அம்மன் சிரித்தாள்.

போலீஸ் வரும்வரை காப்பாளர் சுவரோடு ஒட்டி நின்றார். வடிவு வைக்கோலை அள்ளிப் போட்டுவிட்டு, காலித் தாழியில் காதை வைத்தாள்.

"இப்ப அழுவுதுங்கய்யா. வந்து கேளுங்க."