கேசட்டில் மிஞ்சிய குரல்

ஒரு குரல் அழிந்துவிட்டது என்று ஒரு குடும்பமே நம்பியிருந்தது. அது திரும்பக் கிடைத்தபோது, அதைக் காத்தவர் யார் என்று வழக்கு வந்தது. கதையை நான் சொல்கிறேன்; தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள்.

கீழக்கரையில் பௌசியா என்றொருத்தி. அவள் உம்மாவின் வயிற்றில் இருந்தபோதே வாப்பா ஹமீது சுல்தான் மஸ்கட்டுக்குப் போய்விட்டார். உம்மா சுலைகாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் அவர் கடிதத்துக்குப் பதிலாக ஒரு கேசட் முழுக்கப் பேசி ஆள்வசம் அனுப்பினார். வீடே கூடி அமர்ந்து கேட்டது. மஸ்கட்டுக்குப் புறப்பட்ட இன்னொருவர் வாசலில் காத்து நின்றார். வேறு கேசட் இல்லை. வந்த பேச்சின் மேலேயே, முதலிலிருந்து, சுலைகா தன் பதிலைப் பதிந்து கொடுத்தாள்.

அந்தப் பதிலை ஹமீது கேட்கவேயில்லை. மாரடைப்பு, அங்கேயே அடக்கமும் ஆயிற்று. பெட்டி மட்டும் ஊருக்கு வந்தது. துணிகளுக்கு நடுவே கேசட், சுற்றிய காகிதம்கூடப் பிரிக்கப்படாமல்.

வளர்ந்த பௌசியா குடும்பத்தின் பழைய ஒலிப்பதிவுகளைச் சேர்க்கத் தொடங்கினாள். இருப்பவர்களையும் பேசவைத்துப் போனில் பதிந்தாள். எல்லோரும் பேசினார்கள், உம்மாவைத் தவிர.

"ஒரு தடவ பேசிப் பதிஞ்சதுக்கே ஒங்க வாப்பா கொரலு போச்சு. இன்னமுமா?"

வாப்பாவின் தம்பி சீனி சாச்சா, அண்ணனைக் 'காக்கா' என்பவர், சும்மா இருக்கவில்லை. "டேப்பு முடியுற வரைக்கும் பேசுன்னு காக்கா எவ்வளவு ஆசையாக் கேட்டாக! நீங்க என்னடான்னா, 'நல்லா இருக்கோம், சொகமா இருங்க'ன்னு ரயில் வர்றத அறிவிச்ச மாதிரி முடிச்சிட்டீக, மதினி."

"மாமியா, நாத்தனாமாருன்னு வீடே சுத்தி நின்னா என்னத்தப் பேசுறது? நீங்க வேற மைக்குமேல பூனையாட்டம் குந்திக்கிட்டிருந்தீக, தம்பி. டேப்பு சும்மாவே ரொம்ப நேரம் ஓடிக்கிட்டுக் கெடந்துச்சு. மிச்சத்த அவுக வந்ததும் சொல்லிக்கலாம்னு பொத்தான அமுக்கிட்டேன்."

சாச்சா கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "பெட்டி வந்த அன்னைக்கே கேசட்டு முதுகுல இருக்குற ரெண்டு பிளாஸ்டிக் துண்டையும் நான்தான் ஒடச்சுவிட்டேன். ஒடச்சா அதுமேல பதிய முடியாது. இல்லாட்டி புள்ளைக பாட்டு ஏத்தியிருக்கும்." அதன்பின் அதைப் போட்டுக் கேட்க யாருக்கும் மனம் வரவில்லை. பீரோவிலேயே கிடந்தது.

ஒரு மதியம் பௌசியா அதை ஓடவிட்டாள். உம்மாவின் குரல் எழுந்தது. இப்போதைய பௌசியாவைவிட இளைய பெண்ணின் குரல். அந்தக் குரலுக்குள் எங்கோ தானும் சுருண்டு படுத்திருக்கிறோம் என்று நினைக்கும்போதே பேச்சு நின்றது. வெறும் இரைச்சல். நிறுத்தக் கை நீட்டியவள் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். திரைச்சீலை கடற்காற்றில் உப்பி உப்பி அடங்கியது. கண் செருகியது. இரைச்சலுக்குள்ளிருந்து, தண்ணீருக்கு அடியில் யாரோ நடந்து வருவதுபோல, ஓர் ஆண்குரல் வந்தது.

"...ஜன்னல்ல ஒரு பொறா குந்தியிருக்கு. சொல்ல ஒண்ணுமில்ல, டேப்பு இன்னும் ஓடுது. அங்க மழயா, சுலைகா? வயித்துல உள்ளது ஒதைக்குதா? எம்பேரச் சொல்லி அதுகிட்டப் பேசு. நீயும் கடைசி வரைக்கும் பேசணும், என்ன..."

அத்துடன் நாடா தீர்ந்தது. உம்மா பொத்தானை அமுக்கிய இடத்தோடு அழிப்பும் நின்றிருக்கிறது.

சொல்ல ஒன்றுமில்லாதபோதும் கடைசிவரை பேசினார் ஹமீது சுல்தான். அவர் ஆசையாய்க் கேட்ட ஒன்றைச் செய்யாமல் பாதியில் நிறுத்தினாள் சுலைகா. கேசட்டில் வேறொன்றும் ஏறாதபடி செய்தார் சீனி சாச்சா. மூவரில் ஒருவர் வேறு மாதிரி நடந்திருந்தாலும் பௌசியா தன் வாப்பாவின் குரலைக் கேட்டிருக்க மாட்டாள்.

அப்படியானால், இவர்களில் அந்தக் குரலைக் காத்தவர் யார்?

விடை: சாச்சா காத்தது சுலைகாவின் குரலை, அதற்குப் பின்னால் அண்ணன் இருப்பது அவருக்குத் தெரியாது. சுலைகாவுக்கு மட்டும் தெரியுமா என்பீர்கள். தெரியாதுதான். ஹமீதோ குரலைக் கொடுத்தவர். சுலைகாவின் பதில் நீண்டிருந்தால் அதுவும் போயிருக்கும். கணவனுக்கு மட்டுமே உரியதைக் கூட்டத்தின் நடுவே சொல்லமாட்டேன் என்று சுலைகா நிறுத்தினாளே, அந்த இடத்தில்தான் அவர் தங்கியிருந்தார். ஆகவே காத்தவள் அவள்தான். சாச்சா இந்தத் தீர்ப்பை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. வாப்பாவின் குரலைக் கேட்ட அன்று உம்மா முதலில் சாச்சாவை வெளியே போகச் சொன்னாள். பிறகு மகளிடம், "அந்தப் போன ஓடவிட்டுட்டு நீயும் போ" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் பேசினாள். அந்தப் பதிவு பௌசியாவிடம் பத்திரமாக இருக்கிறது. அவள் அதைக் கேட்டதில்லை.